அடிமரம் சொன்ன பொய்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரம்பக்கா சொன்னபோது, மீட்புத் துறை அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தார். மறுபடி மூட மனம் வரவில்லை. நீட்டியபடியே நிற்கவும் கூச்சமாக இருந்தது. கடைசியில் காகிதத்தை மீட்பு வண்டியின் பானெட் மேல் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மீட்புக் குழுவின் தலைவிக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. சாலையில் மரம் விழுந்தால் இயந்திர ரம்பத்தோடு முதலில் இறங்குகிறவள் என்பதால் குழுவில் ‘ரம்ப அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது தேய்ந்து ரம்பக்கா ஆகிவிட்டது. மற்றபடி, பேசி ரம்பம் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

தெருக்காரர் ஒருவர் கொடுத்த புகாரை வைத்து எழுதிய அந்தக் காகிதத்தில் இருந்த விஷயம் சுருக்கமானது. புயலன்று இந்தப் புறநகர்ச் சாலையின் வளைவில் நின்றுகொண்டிருந்த மரத்தை அவளுடைய குழு அவசரப்பட்டு அடியோடு வெட்டியது. அது ரொட்டி வண்டியின் மேல் சாய்ந்து வண்டிக்காரரின் கால் முறிந்தது. இதை ஒப்புக்கொண்டால் ஊர் மாற்றலோடு போய்விடும். மறுத்தால் பெரிய விசாரணை, அவளோடு குழு மொத்தத்துக்கும் வேலை போகும்.

வேலை போவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். நசுங்கிய வண்டிக்குள் கிடந்த அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டே அவள் கிளை கிளையாக அறுக்கச் சொன்னாள். இப்போது அவரே புகாரை நம்பிவிட்டார். பார்க்கப் போனபோது அவருடைய மனைவி மருத்துவமனை வாசலில் மறித்துக்கொண்டு கேட்ட கேள்வி இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

“வெட்டிச் சாய்ச்சதும் நீ, தூக்கிக் காப்பாத்தினதும் நீயா?”

நடந்ததை ரம்பக்கா எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தாள். கொட்டுகிற மழையில் வேறொரு மரத்தை அகற்றப் போய்க்கொண்டிருந்த குழு, எங்கேயோ விடாமல் அலறிய ஹாரனைக் கேட்டுத் திரும்பியது. வந்து பார்த்தால் மரம் ஏற்கெனவே வேரோடு சாய்ந்து சாலையை அடைத்துக் கிடக்கிறது. அதன் கிளைகளுக்கு அடியில் ரொட்டி வண்டி. ஆளை மீட்டார்கள், ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்பதால் சாலையின் அகலத்துக்கு மட்டும் மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள். நடைபாதையில் சேறு அப்பிக் கிடந்த வேர்ப்பக்கத்தைத் தொடவில்லை, உற்றுப் பார்க்கவும் நேரமில்லை. ஓர் ஆள் நீளத்துக்கு மரத்தோடு அப்படியே விட்டுவிட்டு, பள்ளத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினார்கள். மின்சாரம் இல்லை, கைபேசி வேலை செய்யவில்லை, எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. அவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

புகார் வந்த நாள் முதல் அவளை இந்தப் பக்கமே வரக்கூடாது என்று தடுத்துவைத்திருந்தார்கள். இன்று காலைதான் நேரடி விசாரணை என்று அதிகாரி அவளையும் குழுவையும் மீட்பு வண்டியிலேயே அழைத்து வந்தார். இறங்கியவள் முதலில் வேர்ப்பக்கத்தைத் தேடினாள். படுத்துக் கிடந்த வேர் இல்லை, பள்ளமும் இல்லை. நடைபாதை ஓரத்தில், இடுப்பு உயரத்தில், மேலே தட்டையாக அறுக்கப்பட்ட அடிமரம் சாப்பாட்டு மேசை மாதிரி நிமிர்ந்து நின்றது. புயல் வேரோடு பிடுங்கிப் போட்ட மரம் இப்படியா நிற்கும்? ஒரு நிமிஷம் அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அதிகாரி பேனாவைத் திறந்துவைத்திருந்தார்.

நல்லவேளையாக அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஓட்டி வந்தவள் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள், ரம்பக்கா உதவி கேட்டு வரச் சொல்லியிருந்தவள். நிற்கும்போது தலையை முன்னால் சாய்த்துக் கேள்விக்குறி போல வளைந்து நிற்பாள், பேசினாலும் கேள்விதான். ஆகவே கொக்கி. பின்னாலிருந்து இறங்கியவன் அவளுடைய கணவனின் தம்பி, பெயர் வம்பு. அவனை வேலைக்கு வைத்துக்கொண்டது கொக்கியா, அவன் வந்து ஒட்டிக்கொண்டானா என்பது குடும்பத்திலேயே தீராத வழக்கு.

வெளியாட்கள் விசாரணையில் தலையிடக்கூடாது என்றார் அதிகாரி. தான் விசாரிக்க வரவில்லை, மரத்தைப் பார்க்க வந்ததாகவும், தெருவில் நிற்கிற மரத்தைப் பார்க்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் கொக்கி பணிவாகக் கேட்டாள். அதற்குள் வம்பு அடிமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தவன் முகம் மாறியது.

“அண்ணி, இது ஆடுது. ஹோட்டல் மேசை மாதிரி அடியில காகிதம் மடிச்சு வைக்கணும் போல.”

“இறங்கு. வந்து இதப் பாரு.”

கொக்கி அடிமரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள். பட்டையின் மேல் காய்ந்த சேற்றுக் கோடுகள் ஓடின. யாரும் கவனிக்காத கோடுகள்தான். மழைக்காலத்தில் எந்த மரத்தில் சேறு இல்லை?

“தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?”

“கீழ்ப்பக்கம். தானா மேல ஏறிச்சுன்னா நம்ம வீட்டு மோட்டார் ரிப்பேருக்கு அண்ணன் ஏன் அழறார்?”

“அப்ப இந்தச் சேறு ஏன் பக்கவாட்டுல ஓடியிருக்கு?”

வம்பு தலையைச் சாய்த்துப் பார்த்தான். அதிகாரியும், தன்னை அறியாமல், தலையைச் சாய்த்தார். மேலிருந்து கீழே வழிந்திருக்க வேண்டிய கோடுகள், பீப்பாய்க்கு இரும்புப் பட்டை கட்டியது போல மரத்தைச் சுற்றிப் படுக்கையாக ஓடின. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்ன உருண்டை. சொட்டப் போகிற நேரத்தில் காய்ந்துபோன துளி அது. துளி எப்போதும் பூமியைப் பார்த்துத்தான் தொங்கும். இந்தத் துளிகளோ எல்லாமாகச் சேர்ந்து எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ரம்பக்கா மண்டியிட்டு ஒரு கோட்டை விரலால் தடவினாள். சந்தேகம் வந்த அந்த நிமிஷத்தை நினைத்து அவளுக்கு இப்போது தன் மேலேயே கோபம் வந்தது. படுத்துக் கிடந்தபோது வழிந்த சேறு. படுத்தபடியே காய்ந்த சேறு. மரம் பிறகுதான் எழுந்து நின்றிருக்கிறது.

மரம் எப்படித் தானாக எழுந்து நிற்கும் என்று அதிகாரி கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் ரம்பக்காவால் சும்மா இருக்க முடியாது. காலால் மிதித்தால் மூடி திறக்கிற குப்பைத் தொட்டியைப் பார்த்திருப்பீர்களே, அப்படித்தான் என்று அவள் விளக்கினாள். வேரோடு சாய்ந்த மரத்தில் ஒரு பக்க வேர்தான் அறும். மறுபக்க வேர் மண்ணிலேயே இருக்கும், கதவுக் கீல் மாதிரி. படுத்துக் கிடக்கிற மரத்தின் கனம்தான் மிதிக்கிற கால். வேரும் மண்ணும் சேர்ந்த அந்தப் பெரிய வட்டம்தான் மூடி. கனத்தை வெட்டி எடுத்துவிட்டால் காலை எடுத்த மாதிரி. மூடி திரும்ப விழுந்து பள்ளத்தை அடைத்துக்கொள்ளும், அடிமரம் நிமிர்ந்துவிடும். பள்ளத்துக்குள் ஆள் நின்றால் சட்னிதான். அதற்காகவே அவள் ஓர் ஆள் நீள மரத்தை வெட்டாமல் கனத்துக்கு விட்டுவைத்தாள்.

“அந்த நீளத்த வேற யாரோ அப்புறமா அறுத்திருக்காங்க” என்று முடித்தாள்.

சேற்றை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது, யாராவது தெளித்திருக்கலாம் என்றார் அதிகாரி. கொக்கி வாதாடவில்லை. அடிமரத்தைச் சுற்றி மெதுவாக நடந்தாள். நடைபாதை மணலில், மரத்திலிருந்து இரண்டு எட்டு தள்ளி, வளைவாக ஒரு விரிசல் ஓடியது. யாரோ மணலைக் கொட்டிப் பெருக்கிச் சமன் செய்திருந்தார்கள். கொக்கி கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி விரிசலைக் கிளறிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் ஊசி தடுக்கியது. மணலை ஊதினாள். விரிசலுக்குள்ளிருந்து, குழந்தை பழிப்புக் காட்டுவது போல, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

வம்பு பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். நாடா நீண்டதே தவிர வெளியே வரவில்லை. மறுமுனை அடிமரத்துக்குக் கீழே, எங்கேயோ ஆழத்தில், மாட்டிக்கொண்டிருந்தது.

“சார், நின்னுக்கிட்டிருக்கிற மரத்துக்கு அடியில டேப் போடணும்னா, ஒரு ஆள் டேப்பப் பிடிக்கணும், இன்னொரு ஆள் மரத்தத் தூக்கிப் பிடிக்கணும். இவங்க குழுவுல அந்த இன்னொரு ஆள் யாருன்னு கொஞ்சம் காட்டுங்க, கும்பிட்டுக்கறேன்.”

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த குழுவினர் முதல்முறையாகச் சிரித்தார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டோ என்னவோ, அடிமரத்துக்குப் பின்னாலிருந்த வீட்டின் கேட் திறந்தது. வந்தவர்தான் புகார் கொடுத்தவர். வீடு பழசு, அதைச் சுற்றி இருந்த மதில் மட்டும் புத்தம் புதிது. நடைபாதையை ஒட்டி, அடிமரத்துக்கு இரண்டு கை தூரத்தில், ஈர வாசனை போகாத பூச்சோடு நின்றது. தெருவில் அவருக்கு மதில்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. சலவைச் சட்டையும் சாந்தமான முகமுமாக வந்து எல்லோரையும் வணங்கினார். தனக்கு யார் மேலும் விரோதமில்லை, கண்ணால் கண்டதை மட்டுமே எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்.

“மீட்புக் குழு ஆளுங்க மரத்த அடியில அறுத்தாங்க. நான் கேட் பக்கத்துல நின்னு பார்த்தேன். எங்க வந்து கேட்டாலும் இதத்தான் சொல்வேன்.”

ரம்பக்கா வாயைத் திறக்கும் முன் கொக்கி அவள் முழங்கையைத் தொட்டாள். பிறகு மதில்காரரிடம் திரும்பி, அவர் பட்ட கஷ்டத்தை எல்லாம் தானே பட்டது போன்ற குரலில் பேச்சைத் தொடங்கினாள். வாசலிலேயே மரம் அறுப்பது என்றால் சும்மாவா? சத்தம் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். வீடு முழுக்கப் பறந்திருக்குமே?

மதில்காரருக்கு இவ்வளவு நாளில் இந்த அனுதாபத்தை யாரும் காட்டியிருக்கவில்லை.

“அத ஏன் கேக்கறீங்கம்மா. மாடியில காயப்போட்ட துணி பூரா மரத்தூள். வீட்டுக்காரி எல்லாத்தையும் மறுபடி அலசிப் போட்டா.”

வம்பு வானத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு மதில்காரரைப் பார்த்தான்.

“மரத்தையே பிடுங்கிப் போடற புயல்ல மாடியில துணி காயப்போட்ட ஒரே குடும்பம் உங்களுதுதான் சார். கிளிப் எந்தக் கடையில வாங்கினீங்க?”

கொட்டுகிற மழையில் அறுத்தால் மரத்தூள் பறக்காது. கூழாகிக் காலடியிலேயே விழும். கொடியில் துணியும், காற்றில் தூளும் இருக்க வேண்டுமானால் வெயில் இருந்திருக்க வேண்டும். மதில்காரர் மரம் அறுத்ததைப் பார்த்தது உண்மை. ஆனால் பார்த்தது புயலன்று அல்ல.

மதில்காரர் வெலவெலத்துப் போவார் என்று ரம்பக்கா எதிர்பார்த்தாள். அவரோ சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு லேசாகச் சிரித்தார். தான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் காட்டுங்கள் என்றார். மறுநாள் காலை வேறொரு மீட்புக் குழு வந்தது, அடியில் அறுத்தது, மரம் நிமிர்ந்தது, அவர் பார்த்தார், எழுதினார். எப்போது என்று யாருமே கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாதது எப்படிக் குற்றமாகும்?

“அந்தக் குழுவ யார் அனுப்பினது?” என்று கேட்டாள் கொக்கி.

மதில்காரரின் கண்கள் அதிகாரியிடம் போயின. எல்லோருடைய கண்களும் போயின. அதிகாரியின் கை தொப்பிக்குப் போய், பாதியில் நின்றது.

வேர் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, தெருக் குழந்தைகள் பள்ளத்தில் இறங்கி விளையாடுகிறார்கள் என்று மறுநாள் காலை மதில்காரரிடமிருந்து அவருக்கு ஃபோன் வந்தது உண்மைதான். புயல் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த குழுவை அவர்தான் வாய்வார்த்தையாக அனுப்பினார். அவர்கள் வந்தார்கள், முறைப்படி அறுத்தார்கள், அன்றே ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த மரமும் இந்த மரமும் ஒன்று என்பது தனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார் அதிகாரி. அவர் சொன்ன விதத்தில், புகார் வந்த அன்றே ஞாபகம் வந்துவிட்டது என்பது எல்லோருக்கும் புரிந்தது. தான் அனுப்பிய குழு என்று தெரிந்தால் தன் தலை உருளும். ரம்பக்கா கையெழுத்துப் போட்டால் உருளாது. அவ்வளவுதான் கணக்கு.

அவர் சட்டென்று தேறிக்கொண்டார். ஆக, எல்லாமே புரிந்துகொள்வதில் வந்த குழப்பம். மரத்தைச் சாய்த்தது புயல். புகாரை இங்கேயே முடித்துவிடலாம். குழுவின் மேல் ஒரு கறையும் இல்லை. “போதுமாம்மா? சந்தோஷமா? எல்லாரும் வண்டியில ஏறுங்க.”

வண்டியில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். மதில்காரரும் விட்டார். அதைத்தான் ரம்பக்கா கவனித்தாள். வேலை போக இருந்தது அவளுக்கு அல்லவா? இந்த மனிதர் ஏன் பெருமூச்சு விடுகிறார்? தெருக் குழந்தைகள் மேல் இவ்வளவு அக்கறை இருந்தவர், பள்ளத்தை மூடியதோடு நிற்காமல், மரத்தை வெட்டிய பழியை எதற்காக அவள் தலையில் கட்டினார்?

ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். மரம் நின்றபடி வெட்டப்பட்டது என்று ஆகிவிட்டால், வேரைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

அவள் வண்டியில் ஏறவில்லை. வண்டியின் முன்னால் போய், இழுவைக் கம்பியின் முனையைக் கழற்றி, நடந்துவந்து அடிமரத்தின் தலையில் சுற்றிப் பூட்டினாள். மதில்காரரின் முகத்திலிருந்த சாந்தம் அப்போதுதான் முதல்முறையாகக் கலைந்தது.

அதிகாரி தடுத்தார். விசாரணை முடிந்துவிட்டது, இனி இந்த மரத்தைத் தொட அவளுக்கு அதிகாரமில்லை என்றார்.

“நான் இன்னும் கையெழுத்துப் போடல சார். போடாத வரைக்கும் இந்தக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. நடைபாதையில ஆடிக்கிட்டு ஒரு மரம் நிக்குது, நாளைக்கு யார் மேலயாவது சாயும். ஆபத்தா இருந்தா எடுக்கறதுக்கு நான் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. கேக்கவும் மாட்டேன்.” திரும்பி வண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். “இழு.”

கம்பி விறைத்தது. அடிமரம் முனகியது. மதிலை ஒட்டிய விரிசல் வாயைப் பிளந்தது. வேரும் மண்ணுமாகப் பெரிய வட்டம் ஒன்று மெல்ல மேலே எழும்ப, அடிமரம் தெருப்பக்கமாகத் தலைசாய்த்துப் படுத்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குழுவினர் ஓடிவந்து அடியில் முட்டுக்கட்டைகளைச் செருகினார்கள்.

முதலில் குனிந்து பார்த்தது வம்பு.

புயல் பிய்த்த வேர் நார்நாராகத் தொங்கும். மதில்பக்கத்து வேர்கள் ஒன்றுகூட அப்படி இல்லை. கை பருமன், தொடை பருமன் வேர்களெல்லாம் ஒரே கோட்டில், வாழைத்தண்டு நறுக்கியது போல வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய ஒவ்வொரு முனையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு சிமெண்டுத் தொப்பி. எதிரே மதிலின் அஸ்திவாரத்தில், அந்தத் தொப்பிகள் பிய்ந்து வந்த இடங்களில் வட்ட வட்டமாகக் குழிகள். அஸ்திவாரம் தோண்ட இடைஞ்சலாக இருந்த வேர்களை வெட்டிவிட்டு, அதன் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டியிருக்கிறார்கள். மதிலில்லாத பக்கத்து வேர்களை மட்டும் நம்பி மரம் நின்றிருக்கிறது. புயல் வந்து தொட்டது. அவ்வளவுதான் அதன் பங்கு.

“வேருக்குத் தொப்பி போட்டிருக்கார் அண்ணி,” என்றான் வம்பு. “சளி பிடிக்கக்கூடாதுன்னு.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மதில்காரர், மேஸ்திரி செய்த வேலைக்குத் தான் என்ன செய்வது என்று ஆரம்பித்தார். கொக்கி ஒரே கேள்விதான் கேட்டாள்: மேஸ்திரி செய்ததென்றால், பள்ளத்தை மூட ஃபோன் செய்ததும் மேஸ்திரிதானா? அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி ரம்பக்காவைத் தனியே அழைத்துத் தணிந்த குரலில் பேசினார். உண்மை தெரிந்துவிட்டது, நல்லது. முறைப்படி மேலே எழுதி அனுப்புவார். அதுவரை கூட்டம் கூட வேண்டாம், மரத்தை மறுபடி நிமிர்த்தி மூடிவிடலாம்.

“ஒரு தடவை நீங்க மூடினது போதும் சார். திறந்தேதான் இருக்கும். தெருவே வந்து பார்க்கட்டும். முட்டுக் கொடுத்து எங்க ஆளுங்க காவல் நிப்பாங்க.”

“அப்ப நான்?”

“நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரொட்டி வண்டிக்காரர் வீட்டம்மாகிட்ட நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அவர் கால உடைச்சது யாருன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. மறுநாள் காலைல குழு அனுப்பினதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

அதிகாரி வண்டியைப் பார்த்தார். விறைத்த கம்பி அதை மரத்தோடு பிணைத்திருந்தது.

“வண்டி வராது சார்,” என்றாள் ரம்பக்கா. “முனையில பஸ் வரும்.”

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தத்துக்கு நடுவே, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். ரம்பக்கா பள்ளத்தின் விளிம்பில் குனிந்து, முட்டுக்கட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை.